கடாரம் கொண்டோம், சரி. அப்புறம்?

அக்கா மகள் பி.ஏ. வரலாற்றில் தென்கிழக்கு ஆசியாவை விருப்பப் பாடமாக எடுத்தாள். "அதைப் படிச்சு என்ன பண்ணப் போறா?" என்று எங்கள் அப்பா ஒரு வாரம் முனகினார். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய, ஜப்பானியக் கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன, ஆசியா தெரிந்த பிள்ளைக்கு வேலைக்கா பஞ்சம் என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் அப்போது எனக்கே வேறு காரணம் தெரியாது.

நான் பள்ளியில் படித்த கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) ஒரே வரி. 1025இல் ராஜேந்திர சோழன் கப்பற்படையோடு போய், கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜயம் என்ற கடல் பேரரசை வென்றான். இரண்டு மதிப்பெண். பிரெஞ்சுப் புரட்சிக்குத்தான் பக்கம் பக்கமாக எழுதினோம். கடாரத்தில் யார் இருந்தார்கள், அடி வாங்கியபின் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அவள் சொல்லித்தான் தெரியும். அதே ஸ்ரீவிஜய அரசர்கள்தான் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தைக் கட்டியவர்கள். அதற்கு 1006 வாக்கில் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தவன் ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன். இருபது வருடத்தில் படையெடுப்பு. 1090இல் பார்த்தால், கடாரத்து அரசன் தூது அனுப்பிக் கேட்க, பின்னால் வந்த சோழன் குலோத்துங்கன் விகாரங்களுக்கு வரிச்சலுகை தருகிறான். பக்கத்து வீட்டு உறவு மாதிரியே இருக்கிறது. (இந்தக் கொடையும் சலுகையும் பொறித்த செப்பேடுகள் டச்சுக்காரர்களிடம் போனதால், அவற்றுக்கு லெய்டன் என்ற டச்சு ஊரின் பெயர் நிலைத்துவிட்டது. அது தனி வயிற்றெரிச்சல்.)

எனக்கு மிகவும் பிடித்தது ஊசிக் கதை. செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் நூலில் ராஜா சூலன் என்று ஓர் இந்திய அரசன் வருகிறான். சோழன் என்பதன் எதிரொலிதான் இந்தப் பெயர் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அவன் படை திரட்டிச் சீனாவுக்குக் கிளம்புகிறான். சீன அரசனோ ஒரு பழைய கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்த மரங்களையும், பல் போன கிழவர்களையும் ஏற்றி எதிரே அனுப்புகிறான். சீனா எவ்வளவு தூரம் என்று கேட்டால், "கிளம்பும்போது நாங்கள் சின்னப் பையன்கள், இந்த மரங்கள் விதைகள், இந்த ஊசிகள் கைப்பருமன் இரும்புக் கம்பிகள்" என்கிறார்கள் கிழவர்கள். சூலன் திரும்பிவிடுகிறான்.

நம் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டுப் புகழ்ப்பாட்டில், புலியாக நிற்பவன் அங்கே துருப்பிடித்த ஊசிக்கு ஏமாந்த ஆள். ஆனால் அதே நூல் மலாய் அரச வம்சத்துக்கு அவனையே பாட்டனாகவும் ஆக்கிக்கொள்கிறது! கேலியும் உரிமையும் ஒன்றாக. இது நடந்த வரலாறு இல்லை, கதைதான். ஆனால் எதிர்க்கரை நம்மை எப்படி நினைவில் வைத்துக்கொண்டது என்பதை நம் கல்வெட்டுகளை மட்டும் எத்தனை தடவை படித்தாலும் தெரிந்துகொள்ள முடியாது.

ராஜேந்திரனைக் குறைத்துப் பேசுகிறாயா என்று கமெண்டில் கிளம்பி வருவீர்கள், தெரியும். இல்லை சாமி. நம் பிள்ளைகள் அவனைக் கெடாவிலிருந்தும் ஒருமுறை பார்க்கட்டும் என்கிறேன்.

அப்பாவிடம் ஊசிக் கதையைப் பேத்தியே சொன்னாள். அவர் ராஜேந்திரனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தக் கிழவனுங்களுக்கு என்ன சன்மானம் குடுத்தாங்களாம்?" என்றார்.