கடைசிக் கிழமையில் கேட்டு என்ன பயன்?

முந்தநாள் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பல்கலைக்கழகப் பாடம் முடியும்போது மாணவர்கள் நிரப்பிக் கொடுக்கும் பின்னூட்டப் படிவத்தில் இருந்த கையெழுத்தை வைத்து, எழுதிய பிள்ளையைப் பிடித்து, வகுப்பில் எழுப்பிக் கேட்டிருக்கிறார்கள். எந்த இடம், யார் என்று எழுதமாட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். பதினைந்து கிழமைப் பாடத்துக்குப் பதினைந்தாவது கிழமை படிவம் கொடுத்தால், அதை நிரப்புகிற பிள்ளைக்கு ஒரு சதப் பயனும் இல்லை. நடுவில் கேளுங்கள். கேட்டுவிட்டு என்ன மாற்றினீர்கள் என்று அடுத்த கிழமையே போய்ச் சொல்லுங்கள்.

நான் ஆறாம் கிழமை அரைத்தாள் கொடுப்பேன். பெயரோ சுட்டெண்ணோ வேண்டாம். எது விளங்கவில்லை, எதை மாற்றலாம், இரண்டே கேள்வி. தமிழிலேயே எழுதலாம். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளையிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டினால் விளங்காமலே எல்லாவற்றுக்கும் நாலாம் பெட்டியில்தான் புள்ளடி விழும். ஒருமுறை ஒரு தாளில், "சேர், ஒட்டுசுட்டானிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாலும் எட்டேகால் ஆகிறது. நீங்கள் முக்கியமானதை எட்டு மணிக்கே சொல்லி முடிக்கிறீர்கள்" என்று இருந்தது. ஐந்து வருடம் அதே பாடம் படிப்பித்த எனக்கு அது தெரியவில்லை. அடுத்த கிழமையிலிருந்து முதல் இருபது நிமிடம் பழைய கணக்குகள், புதியது அதற்குப் பிறகு. பின்வாங்கிலிருந்தும் கேள்விகள் வரத் தொடங்கின.

இலகுவாகப் புள்ளி போடுபவருக்குத்தான் பிள்ளைகள் நல்லது எழுதுவார்கள் என்று சொல்ல வருவீர்கள். சரி, அந்தப் பயம் நியாயம். 2017இல் உட்ல் என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் பழைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, மாணவர் ஆசிரியருக்குக் கொடுக்கும் புள்ளிக்கும் அவர்கள் கற்றதற்கும் தொடர்பு இல்லை என்றே எழுதினார்கள். அதனால்தான் சராசரியை வைத்து ஆசிரியரைத் தரப்படுத்தாதீர்கள், பிள்ளை எழுதியதை வாசியுங்கள் என்கிறேன். தரம் பார்க்கும் மீளாய்வுக் குழு வந்தால் கோப்பில் படிவம் இருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கோப்புக்காக மட்டும் என்றால் பிள்ளைகளின் நேரத்தை ஏன் எடுக்கிறீர்கள்?

"பிள்ளைகளுக்கு என்ன தெரியும்" என்பவர்களுக்கு மறுமொழி சொல்லவே விருப்பமில்லை. 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில், கூடாரத்துக்குள் இருந்து அ, ஆ எழுதிப் பழகிய பிள்ளைகள் இவர்கள். எது விளங்குகிறது, எது விளங்கவில்லை என்று இவர்களுக்கா தெரியாது?

வகுப்பில் எழுப்பப்பட்ட அந்தப் பிள்ளை முன்பு என்னிடம் படித்தவள். எழுதியது இரண்டு வரி. பாடம் வேகமாகப் போகிறது, இடையில் ஒருக்கால் நிறுத்திக் கேளுங்கள் என்று. நேற்று போன் எடுத்து, "இனி ஒண்டும் எழுதமாட்டன் சேர்" என்றாள்.