பாதம் கழுவும் தண்ணீர், பகிரும் அப்பம்

இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் திருப்பலியில் குருவானவர் மக்களின் பாதம் கழுவுவார். அதற்குப் பன்னிரண்டு ஆண்கள் வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். 2016 ஜனவரியில் ரோம், அதாவது கத்தோலிக்கத் திருச்சபைத் தலைமை, ஆண்கள் மட்டும் என்ற விதியை மாற்றிவிட்டது. பெண்கள், முதியோர், நோயாளிகள் யாரையும் அமர்த்தலாம். எண்ணிக்கைக் கட்டாயமும் இல்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்து எலத்தகிரி, கோவிலூர் பக்கம் பெரும்பாலும் வயலில் நிற்கும் கால்கள். பித்தவெடிப்பில் சோப்பும் வெந்நீரும் எரியும். வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், ஆளுக்குக் கால் லிட்டர் போதும். பன்னிரண்டு பேருக்கு மூன்று லிட்டர். துண்டு ஆளுக்கு ஒன்று, பழைய பருத்தியாக இருக்கட்டும். விரலிடுக்கை ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். கிரானைட் தரையில் நீர் சிந்தினால் எழும்போது வழுக்கும், கீழே சாக்கு விரியுங்கள். முதியோருக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி. வீட்டிலேயே தேய்த்துக் கழுவிவிட்டு வரச் சொல்லாதீர்கள். அழுக்குக் காலைத்தானே ஆண்டவர் தொட்டார்!

நற்கருணையாகப் பகிரும் அப்பத்தின் கணக்குதான் அதிகம் தவறுவது. மறுநாள் பெரிய வெள்ளியன்று திருப்பலி இல்லை. அன்றைய நற்கருணைக்கும் வியாழன் திருப்பலியிலேயே அப்பத்தை அர்ச்சிக்க வேண்டும். கோவில் பணிகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளை வியாழன் கூட்டத்தை மட்டும் எண்ணினால் மறுநாள் கடைசி வரிசைக்குத் துணுக்குகளே மிஞ்சும். வெளியூர் வேலைக்குப் போனவர்கள் வெள்ளிக்கே வந்து சேருவார்கள், அவர்களையும் சேர்த்து எண்ணுங்கள்.