அம்மா படிக்காத எட்டாம் அதிகாரம்

போன வாரம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தோம். ஆலயத்தை ஒட்டிய மண்டபம். எல்லோர் கையிலும் கேக்கும் மிக்சரும் வைத்த தட்டு. மாப்பிள்ளையை அறிமுகப்படுத்தியவர், "இவர் நான்காம் தலைமுறை ஊழியக்காரர்" என்றார். பலத்த கைதட்டல். எனக்கு வலப்பக்கம் பெரியக்கா, இடப்பக்கம் தம்பி. தம்பி கை தட்டவில்லை. தட்டில் இருந்த மிக்சரில் வேர்க்கடலையைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். ஐம்பது வயதை நெருங்குகிறான். இப்படி யாராவது பேசினால் இன்னமும் அவன் தலை குனிந்துவிடுகிறது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்தில் உபதேசியார். சுற்றியிருந்த சின்னச் சபைகளுக்குச் சைக்கிளிலேயே போய் வருவார். அப்பா பள்ளி ஆசிரியர். இரண்டு பெண்களுக்குப் பிறகு ஓர் ஆண் பிள்ளை பிறந்தால் கடவுளின் ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று அம்மா பொருத்தனை செய்தார். பிறந்தான். என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்பதை நான் சொல்லவே வேண்டியதில்லை.

குடும்ப ஜெபத்தில் அம்மாவுக்குப் பிடித்த பகுதி வேதாகமத்தில் 'ஒன்று சாமுவேல்' புத்தகத்தின் முதல் அதிகாரம். பிள்ளையில்லாத அன்னாள் பொருத்தனை செய்து அழுவதும், ஆசாரியர் ஏலி அவளைக் குடித்திருப்பவள் என்று நினைப்பதும், பால் மறந்த பிள்ளை சாமுவேலை அவள் சீலோவிலிருந்த ஆலயத்துக்குக் கொண்டுபோய் விடுவதும் எங்கள் மூவருக்கும் மனப்பாடம். எட்டாம் அதிகாரத்தை அம்மா சத்தமாக வாசித்து நான் கேட்டதில்லை. அதில் சாமுவேல் கிழவராகிவிடுகிறார். தம் மகன்கள் யோவேலையும் அபியாவையும் நியாயாதிபதிகளாக வைக்கிறார். அவர்கள் பெயெர்செபாவில் உட்கார்ந்துகொண்டு பரிதானம் (லஞ்சம்) வாங்குகிறார்கள், நியாயத்தைப் புரட்டுகிறார்கள். கடைசியில் மூப்பர்கள் வந்து, உம்முடைய பிள்ளைகள் உம்மைப்போல் இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதாகிறது.

இத்தனைக்கும் சாமுவேல் வளர்ந்தது ஏலியின் பராமரிப்பில். ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் பலியிட வந்தவர்களின் இறைச்சியை முள்துறட்டியால் குத்தி எடுத்துக்கொண்ட அதே காலத்தில் அங்கே பணிவிடை செய்த சிறுவன் அவர். ஏலியின் வீட்டுக்கு வரப்போகிற தண்டனையைச் சொல்லும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. அப்படிப்பட்டவரே தம் பிள்ளைகளுக்குப் பதவி கொடுத்தார் என்றால், மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல? இன்னொன்றையும் கவனித்திருக்கிறீர்களா? ஆலயத்தில் ஓர் இரவு கடவுள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஆசாரியரின் சொந்தப் பிள்ளைகளை அல்ல. வெளியூரிலிருந்து வந்த பையன் சாமுவேலை.

தம்பியைப் பத்தொன்பது வயதில் இறையியல் படிக்க அனுப்பினார்கள். இரண்டாம் வருடம் டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டான். பின்கட்டில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னான்: "சின்னக்கா, எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை." அப்பா பல மாதங்கள் அவனோடு பேசவில்லை. கடவுளின் அழைப்புக்குத் தப்பி ஓடி, மீன் வயிற்றில் கிடந்த யோனாவின் பெயரை உறவுக்காரர்கள் அவனுக்கு வைத்தார்கள். விருந்துகளில் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்: "என்ன யோனா, மீன் இன்னும் கக்கவில்லையா?"

பெரியக்காவுக்காக யாரும் பொருத்தனை செய்யவில்லை. வேலூரில் நர்ஸிங் படித்தாள். பிறகு வடக்கே ஒரு மலையோர மிஷன் மருத்துவமனைக்குப் போனவள் இருபத்திரண்டு வருடம் அங்கேயே இருந்தாள். பஸ் போகாத ஊர்களிலிருந்து கட்டிலில் சுமந்துகொண்டு வரும் கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் பார்த்தாள். வீட்டில் அதற்குப் பெயர் 'வேலை'. தம்பி மட்டும் அங்கி போட்டிருந்தால் அது 'ஊழியம்' ஆகியிருக்கும். இந்தக் கணக்கு எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

இப்படிப் பேசினால் நம்மவர்கள் உடனே ஸ்கடர் குடும்பத்தை இழுப்பார்கள். பரம்பரை பரம்பரையாக ஊழியம் செய்யவில்லையா என்பார்கள். சரி, அந்தக் குடும்பத்தையே பார்ப்போம். நியூயார்க்கில் மருத்துவராக இருந்த ஜான் ஸ்கடர் 1819இல் மனைவி ஹாரியட்டோடு கப்பலேறினார். முதலில் யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பு, 1836இல் சென்னை. அவருடைய ஏழு மகன்கள் இந்தியாவில் ஊழியம் செய்தார்கள். ஆற்காடு மிஷனைத் தொடங்கியதே மகன்கள்தான். இதுவரை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்த தலைமுறைக்கு வாருங்கள். பேத்தி ஐடா 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். பஞ்சத்தைப் பார்த்து வளர்ந்தவர். பள்ளி வயதில் பெற்றோர் அவரை அமெரிக்காவில் விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்பியபோது தனிமையில் அழுதவர். அவருக்கு மிஷனரி வாழ்க்கையே வேண்டாம். அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்பதால்தான் திண்டிவனத்துக்கு வந்தார்; கொஞ்ச நாளில் திரும்பிவிடுவது என்பது திட்டம். ஓர் இரவு மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் பிரசவத்தில் மனைவி சாகக் கிடக்கிறாள். அப்பா மருத்துவர், வருவார் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். தாத்தா, அப்பா, பெரியப்பாக்கள் என அத்தனை ஸ்கடர்களும் சேர்ந்து நின்றாலும் நுழைய முடியாத வாசல்கள் அவை. குடும்பத்தின் பெருமை ஐடாவை அழைக்கவில்லை. குடும்பத்தால் ஆகாத காரியம் அழைத்தது. அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் திரும்பினார். 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். குடும்பத்துக்கு இதில் பங்கே இல்லையா என்றால், உண்டு. அந்த இரவில் அவர் அந்த வீட்டில் இருந்தார். தட்டினால் திறக்கிற வீடாக அது இருந்தது. ஒரு குடும்பம் செய்யக்கூடியது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அதுவே கொஞ்சமில்லை.

இயேசுவின் சீடன் அந்திரேயாவைப் பாருங்கள். இயேசுவைக் கண்டதும் முதலில் தன் அண்ணனையோ தம்பியையோ (வேதத்தில் தெளிவில்லை, 'சகோதரன்' என்றுதான் இருக்கிறது) தேடிப் போய்க் கூட்டி வந்தான். அந்தச் சகோதரன்தான் பேதுரு. அதற்குப் பிறகு எங்கும் பேதுருவின் பேச்சுதான். கூட்டி வந்தவன் அதற்காகச் சண்டை போட்டதாக ஒரு வரிகூட இல்லை. இன்னும் இரண்டு சீடர்களின் தாய், செபெதேயுவின் மனைவி, அப்படி இல்லை. இயேசுவின் ராஜ்யத்தில் ஒரு மகனுக்கு வலப்பக்கம், ஒரு மகனுக்கு இடப்பக்கம் என்று நாற்காலி கேட்டவள். மற்றச் சீடர்கள் பத்துப் பேருக்கும் கோபம் வந்தது; வராமல் இருக்குமா? இன்று சில ஊழியங்களின் சுவரொட்டிகளில் அப்பா நிறுவனர், மகன் துணைத் தலைவர், மருமகள் பெண்கள் பிரிவு என்று குடும்பப் படம் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாளின் நினைவு வருகிறது. உண்மையான பாரத்தோடு அப்பாவின் பணியைத் தொடரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், எனக்கே தெரியும். சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து யாருடையது என்று பார்த்தால் வித்தியாசம் ஓரளவு விளங்கிவிடும்.

நாசரேத்து வீட்டை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். இயேசுவின் சொந்தச் சகோதரர்களே அவரை நம்பவில்லை என்று யோவான் எழுதுகிறார். மரியாள் அவர்களைக் கட்டி இழுத்ததாக எங்கும் இல்லை. உயிர்த்தெழுந்தவர் அந்தச் சகோதரர்களில் ஒருவரான யாக்கோபுக்குத் தனியாகக் காணப்பட்டார் என்கிறார் பவுல். அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தில் அவர்கள் எல்லோரும் தாயோடு மேல்வீட்டில் ஜெபம் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த வீட்டுக்கே அத்தனை வருடம் பிடித்தது. எங்கள் வீட்டில் ஒரு பையனுக்குப் பத்தொன்பது வயதுதான் கெடு.

தம்பி இப்போது மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அம்மா படுக்கையில் கிடந்த கடைசி வருடம், கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு அவரைக் குளிப்பாட்டியதும் ஊட்டியதும் அவன்தான். அந்த நாட்களில் அம்மா பொருத்தனையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மன்னித்தாரா, மறந்தாரா, தெரியாது. நானும் கேட்கவில்லை.

வரவேற்புக்கு வருகிறேன். ஜெபத்துக்கு முன்னால் மேடையில் இருந்தவர், "இங்கே வந்திருக்கும் ஊழியக்காரர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள், கௌரவிப்போம்" என்றார். முன்வரிசையில் ஏழெட்டு வெள்ளைச் சட்டைகள் எழுந்தன. தம்பி என்னைத் தாண்டிக் குனிந்து பெரியக்காவின் முழங்கையைத் தட்டினான்.

"எழுந்திரு பெரியக்கா."

"முழங்கால் வலிக்கிறது. பேசாமல் கேக்கைச் சாப்பிடு" என்றாள் அவள்.