இரண்டு கல்லறைகளுக்கு நடுவே கிடந்த சிறுவன்

இந்த மே மாதமும் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்து சேர்ந்தது. கற்கள் அடுக்கிய இரண்டு மண்மேடுகளுக்கு நடுவே போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறான் ஒரு சிறுவன். கீழே, முள்ளிவாய்க்காலில் தாய் தகப்பனுக்கு நடுவே உறங்கும் பிள்ளை என்று எழுதியிருந்தது. அனுப்பியவர், 2009இல் இறுதிப்போரின்போது அங்கிருந்து உயிரோடு மீண்டு வந்து இப்போது யாழ்ப்பாணத்தில் எங்களோடு இருக்கும் என் மாமி.

அப்துல் அசீஸ் அல்-ஒதைபி என்ற ஒளிப்படக் கலைஞர் தன் குடும்பத்துச் சிறுவனைப் படுக்கவைத்துச் சவூதி அரேபியாவில் எடுத்த படம் அது. கல்லறைகளும் செய்துவைத்தவைதான். 2014 ஜனவரியில் யாரோ அதைச் சிரியாவின் அநாதைச் சிறுவன் என்று பரப்பிவிட, அதே பையன் சிரித்துக்கொண்டிருக்கும் படத்தையும் வெளியிட்டு அவர் மறுக்கவேண்டியதாயிற்று. அவர் பொய் சொல்லவில்லை; பொய் படத்தின் கீழே எழுதப்பட்ட வரியில் இருந்தது. அடுத்த மாதமே, ஜோர்தான் எல்லையில் நான்கு வயதுச் சிரியச் சிறுவன் மர்வான் பாலைவனத்தைத் தனியே கடந்தான் என்று உலகம் கண்ணீர் விட்டது. அந்தப் படம் உண்மையானது. ஆனால் சில அடிகள் முன்னால் நடந்துகொண்டிருந்த அவனுடைய குடும்பம் சட்டகத்துக்குள் வரவில்லை.

இதை மாமிக்கு விளக்கினேன். “அப்ப எங்கட பிள்ளையளை ஆர் படம் எடுத்தவை?” என்று கேட்டா.

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் போர் நடந்த வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். சுயாதீன ஊடகவியலாளர்களுக்கு அனுமதி இல்லை. உள்ளே அகப்பட்டிருந்த சிலர் எடுத்தவை மட்டுமே எஞ்சின. அந்த வெற்றிடத்தைத்தான் வேறு நாட்டுச் சிறுவனைக் கொண்டு நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் எஞ்சியவற்றின் கதி என்ன? 2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பிய, கைதிகளைச் சுட்டுக்கொல்லும் காட்சியை இலங்கை அரசு போலி என்றது. அது உண்மையானதாகவே தெரிகிறது என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் 2010 ஜனவரியில் நிபுணர்களின் ஆய்வை வைத்துச் சொன்னார். 2013இல் புலிகளின் தலைவர் பிரபாகரனின் மகன், பன்னிரண்டு வயதுப் பாலச்சந்திரனின் படங்கள் வந்தபோதும் இராணுவத்தின் பதில் அதேதான். மாமி அனுப்பியதைப் போன்ற ஒவ்வொரு படமும் அப்படி மறுப்பவரின் கையில் நாமே கொண்டுபோய்க் கொடுக்கும் சான்று என்பதுதான் என் கோபம்.

பக்கச்சார்புக்குப் பொய்ப்படம்கூடத் தேவையில்லை. 2006 ஓகஸ்ட் 14 அன்று வள்ளிபுனம் செஞ்சோலைச் சிறுவர் இல்ல வளாகத்தில் விமானக் குண்டுவீச்சில் இறந்த பிள்ளைகளைக் கொழும்பு அரசு புலிகளிடம் பயிற்சி பெற்றவர்கள் என்றது, யுனிசெப் மாணவிகள் என்றது. உடல்கள் ஒன்றே, பெயர்தான் இரண்டு. எங்கள் பக்கத்துக் கமராவையும் நான் விட்டுவிடப் போவதில்லை: புலிகள் இயக்கம் படைக்குப் பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளின் முறைப்பாடுகள் ஆயிரக்கணக்கில் யுனிசெப்பில் பதிவாகின, ஆனால் முகாம் வாசலில் நின்று கதறிய தாயை அந்தக் கமரா காட்டவில்லை. (இதற்குப் பின்னூட்டத்தில் எனக்கு என்ன பட்டம் கிடைக்கும் என்பது தெரியும்.)

மாமி படத்தை அன்றே அழித்துவிட்டார். கனடாவில் இருக்கும் மச்சானின் பக்கத்தில் அது இன்னும் இருக்கிறது. எடுத்துவிடும்படி இன்று காலை இரண்டாவது முறையாக எழுதியிருக்கிறேன்.