போடி ரயில் இரண்டு முறை நின்ற கதை

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் 90 கிலோமீட்டர். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி. அதற்கு மேல் மலைதான். இந்தியாவின் ரயில் வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய இந்தக் கிளைப் பாதை இதுவரை இரண்டு முறை நின்றிருக்கிறது. முதல் முறை உலகப்போரால், இரண்டாம் முறை அகலப்பாதை என்கிற வளர்ச்சியால். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு வருடங்களைத் தின்றன. எனக்கு மனசு ஆறாத விஷயம் அதுதான்.

வெள்ளைக்காரன் இங்கே தண்டவாளம் போட்டது நம்மை மதுரைக்குக் கூட்டிப்போவதற்கு இல்லை. ஏலக்காய், காபி, தேயிலை எல்லாம் மலையிலிருந்து போடிக்குத்தான் இறங்கின. மூணாறு தேயிலைக்கு ஒரு பெரிய ஏற்பாடே இருந்தது. மூணாறிலிருந்து மலை விளிம்பில் இருக்கும் டாப் ஸ்டேஷன் என்கிற இடம் வரை 1902ல் ஒற்றைத் தண்டவாள வண்டி, அதுவும் மாடு இழுத்தது. 1908ல் அதைச் சிறு ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது 1928ல். மேலே ரயில் இருந்தபோது கீழே இல்லை, கீழே வந்தபோது மேலே இல்லை. எங்கள் பக்கத்து ரயில் ராசி அப்போதே அப்படித்தான்!

வந்த ரயிலும் பதினைந்து வருடம் நிலைக்கவில்லை. 1942 வாக்கில் போருக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். நமக்கு மட்டும் நடந்ததில்லை இது. திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி பாதையும், கேரளத்தில் ஷொர்ணூர் - நிலம்பூர் பாதையும் அதே போரில் போயின. நிலம்பூருக்குத் திரும்பக் கிடைத்தது. கிருஷ்ணகிரிக்கு, மாவட்டத் தலைநகராகியும், இன்னும் கிடைக்கவில்லை. அந்த வகையில் போடி கொடுத்துவைத்த ஊர்தான். சுதந்திரத்துக்குப் பிறகு, 1953-54ல், பாதையை மறுபடி போட்டுக் கொடுத்தார்கள்.

சரி, அது அடிமை நாடு, போர்க்காலம். அடுத்ததற்கு என்ன சொல்வது?

2010 டிசம்பர் கடைசியோடு மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இருக்கிற ஒரு மீட்டர் அகலத்தை 1.676 மீட்டர் ஆக்க வேண்டும், அதுதான் அகலப்பாதை. சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன் 15. போடிக்காரனுக்குப் பன்னிரண்டரை வருடம். போருக்காகப் பெயர்த்த பாதையை, புதிதாகப் பிறந்த ஒரு ஏழை நாடு மறுபடி போட்டு முடிக்கக்கூட இதற்கு மேல் ஆகவில்லை.

ஆண்டிபட்டி கணவாயில் பாறையை உடைக்க வேண்டியிருந்தது, அதனால்தான் தாமதம் என்று சொல்கிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரையிலான 37 கிலோமீட்டரில் சோதனை ஓட்டம் நடந்தது 2020 தொடக்கத்தில். கணவாய் வருவது அதற்கு அடுத்த 21 கிலோமீட்டரில். அந்தப் பகுதி அதே வருடக் கடைசியில், அதுவும் ஊரடங்கு வருடத்தில், சோதனைக்குத் தயார். கணவாய் இல்லாத பகுதிக்கே ஒன்பது வருடம் ஆனபோது பாறையைக் குறை சொல்லி என்ன பயன்? வருடா வருடம் பட்ஜெட்டில் கிள்ளிக் கொடுத்த காசுதான் காரணம். கையில் பணம் வந்ததும் வேலை ஓடியது. மதுரை - தேனி 75 கிலோமீட்டருக்கு மட்டும் 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவானதாக அரசே சொன்னது. காசை முதல் நான்கைந்து வருடத்திலேயே கொடுத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்பது என் எண்ணம்.

இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஊர் சும்மா இருக்குமா? பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை காலேஜ் போய்விட்டது, ரயிலைப் பார்க்காமலே. மதுரைக்கு ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி, கோர்ட், எல்லாவற்றுக்கும் பஸ்தான். போடியில் இன்றும் ஏலக்காய் ஏலம் நடக்கிறது, ஆனால் மூட்டை ஏறுவது லாரியில். அந்தச் சரக்கு இனி தண்டவாளத்துக்குத் திரும்பும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆக, இது இனிமேல் ஜனங்களின் ரயில்.

அந்த ஜனங்களுக்கு எப்படி நேரம் வைத்தார்கள்? ரயில் திரும்ப வந்தபோது காலையில் மதுரையிலிருந்து கிளம்பி, மாலையில் இங்கிருந்து மதுரைக்குத் திரும்புகிற மாதிரி ஒரு வண்டி விட்டார்கள். மதுரையில் வீடு இருந்து தேனியில் ஆபீஸ் இருப்பவருக்கு அருமையான ஏற்பாடு. தேனியிலிருந்தும் போடியிலிருந்தும் மதுரைக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகிற பெருங்கூட்டத்துக்கு அதனால் என்ன பிரயோஜனம்? பஸ்ஸைவிடக் கட்டணம் குறைவு என்று தெரிந்தும் பஸ் ஏறுகிறார்கள். அப்புறம் நாளைக்கு யாராவது ஒரு அதிகாரி, பெட்டி காலியாக ஓடுகிறது என்று கணக்குக் காட்டுவார். கிளைப் பாதைகளைச் சாகடிக்கிற பழைய வழி அது. முதலில் உதவாத நேரம், பிறகு கூட்டமில்லை என்கிற புகார், கடைசியில் பூட்டு.

சென்னை சென்ட்ரலிலிருந்து வாரம் மூன்று நாள் என்று போடிக்கு ஓர் எக்ஸ்பிரஸ் விட்டார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன், படுத்துத் தூங்கி ஊர் வந்து சேரலாம். ஆனால் சென்னைக்குப் போவது எப்போதோ ஒரு தடவை, மதுரைக்குப் போவது தினசரி.

திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர் கேம்ப் வரை புதுப் பாதை வேண்டும் என்று எத்தனையோ வருடமாகக் கேட்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க ரயில் இல்லாமல் கிடப்பதால் அது நியாயமான கோரிக்கைதான், நானும் கேட்பேன். அதற்கு நிலம் எடுக்க வேண்டும், கோடிகள் வேண்டும், எம்.பி.க்கள் மாற மாற மனு கொடுக்க வேண்டும். காலை ஆறு மணிக்குப் போடியிலிருந்து மதுரைக்கு ஒரு வண்டி விட இது எதுவும் வேண்டாம். பாதை போட்டாகிவிட்டது. ஒரு ரேக்கும், அதாவது ஒரு வண்டிக்கான பெட்டித் தொடரும், ஒரு கால அட்டவணைத் திருத்தமும் போதும். அதை முதலில் கொடுங்கள்.