நடந்ததா இல்லையா என்பதுதான் முக்கியம்

உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் இறந்தவர்களுக்கான அந்த நினைவுக் கூட்டத்தில் ஒருவர் பேசிய பேச்சைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாகப் பொறுத்திருந்தேன். முடியவில்லை. வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "இயேசுவின் உயிர்ப்பு ஒரு குறியீடு. கல்லறை வெறுமையாக இருந்ததா என்பது முக்கியமில்லை, நம் மனதில் நம்பிக்கை உயிர்த்தால் போதும்." எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த என் சித்தப்பா தட்டவில்லை.

முக்கியமில்லை என்று யாரிடம் சொல்கிறீர்கள் ஐயா? 2019 ஏப்ரல் 21 காலை, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில், உயிர்த்த ஞாயிறு பூசையில் வெடித்த குண்டுக்கு மனைவியைப் பறிகொடுத்த மனிதரிடமா?

திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் 15ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். கிறிஸ்து எழவில்லை என்றால் நாங்கள் போதிப்பதும் வீண், நீங்கள் நம்புவதும் வீண் என்கிறார். தப்பிக்க ஒரு சந்துகூட விடவில்லை. கேபா, அதாவது பேதுரு, கண்டார், சீடர்கள் பன்னிருவர் கண்டார்கள், 500க்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் கண்டார்கள், அவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதுகிறார். சிலுவைச் சாவு நடந்து ஏறக்குறைய 25 வருடத்துக்குள் எழுதிய கடிதம் அது. நடக்காத ஒன்றுக்கு உயிரோடு இருக்கிற சாட்சியை யாராவது கூப்பிடுவார்களா?

நற்செய்திகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். சரி, உண்மைதான். கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர், வானதூதர் ஒருவரா இருவரா என்பதில் வித்தியாசம் இருக்கிறது. அன்று கொச்சிக்கடையில் நின்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் புகையை முதலில் கண்டேன் என்பார், இன்னொருவர் சத்தம்தான் முதலில் என்பார். அதற்காகக் குண்டு வெடிக்கவில்லை என்று ஆகிவிடுமா? கட்டிய கதை என்றால் நற்செய்திகளில் முதல் சாட்சியாகப் பேதுருவைத்தான் வைத்திருப்பார்கள். பெண்களின் பேச்சுக்குப் பெரிய மதிப்பில்லாத அந்தக் காலத்தில் மகதலா மரியாவை ஏன் வைக்க வேண்டும்? அந்தப் பெண்கள் வந்து சொன்னதைச் சீடர்களே பிதற்றல் என்று நினைத்தார்கள், லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார். பிறகு ஆவியைக் காண்கிறோம் என்று அவர்கள் பயந்தபோது, இயேசு மீன் துண்டொன்றை வாங்கி அவர்கள் முன்னாலேயே சாப்பிட்டார். குறியீட்டுக்குப் பசிக்குமா?

இறையியல் படிக்காத உனக்கு இது தேவையா என்று கேட்டவர்களுக்கு: ஆமாம், நான் படிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறும் விடியுமுன் சித்தப்பாவோடு மாதம்பிட்டி மயானத்துக்குப் போகிறவள் நான். ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் சோப்புத் தூள், தேங்காய்த் தும்பு. முழங்காலில் இருந்து சித்தியின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தேய்ப்பார். ஏன் சித்தப்பா இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "எழும்புற நேரம் தூசியா இருக்கக் கூடாது மகள்" என்றார். உங்கள் மனதில் உயிர்க்கும் நம்பிக்கைக்கு இந்தத் தும்பு எதற்கு ஐயா?

மறுமையைக் காட்டி மக்களின் வாயை அடைக்கிறீர்கள் என்று எழுதியவரைப் படித்ததும் கோபம்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டா இருந்தோம்? தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, இந்தக் குடும்பங்கள் விடாமல் நின்றதால்தான். செத்த உடம்பு மண்ணோடு மண், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தால் இத்தனை வருடம் யார் நின்றிருப்பார்கள்? அந்த உடம்பைக் கடவுள் திரும்பக் கேட்பார் என்று நம்புகிறோம். அதனால்தான் நாங்களும் கேட்கிறோம்.

கூட்டம் முடிந்து ஆட்டோவில் வரும்போது கொட்டாஞ்சேனை வரைக்கும் சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது மெதுவாகக் கேட்டார்: "அவர் படிச்ச ஆள்தானே மகள். அப்ப சித்தி..."

முடிக்க விடவில்லை நான். இயேசு எழுந்தார் சித்தப்பா, உண்மையாகவே எழுந்தார் என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.