ரோமர் 16-ஐத் தாண்டிப் போகாதீர்கள்

சபையில் மறைவாக உழைப்பவர்களைப் பற்றிய ஒரு கட்டுரையை வாசித்தேன். மேடையில் நிற்பவர்களை மட்டுமே சபை கொண்டாடுகிறது என்ற கட்டுரையாளரின் ஆதங்கம் நியாயமானதே. அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரி விசுவாசிகளுக்கு எழுதிய நிருபத்தில், பலருக்கு வாழ்த்துச் சொல்லும் 16-ஆம் அதிகாரத்தையும் நாம் வெறும் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிப் போய்விடுகிறோமே! பவுல் சொல்லச் சொல்ல அந்த நிருபத்தை எழுதிய தெர்தியு, 22-ஆம் வசனத்தில் ஒரு வாழ்த்தோடு நின்றுவிடுகிறார். வேதத்தில் வேறெங்கும் அவர் பெயர் இல்லை. கர்த்தருக்குள் மிகவும் பிரயாசப்பட்டவள் என்பதைத் தவிர பெர்சியாளைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. அப்போஸ்தலர் நடபடிகளிலும், யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற சீஷி இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது அவள் செய்துகொடுத்த உடைகளைத்தான்.

ஆனால் இன்று சபையில் இப்படி மறைவாக உழைப்பவர்களை மேடைக்கு அழைத்துப் பாராட்டினால் போதும் என்ற கட்டுரையாளரின் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. பலர் அதற்கே கூசுவார்கள். நாற்காலி அடுக்குகிறவரோடு சேர்ந்து நாமும் நாலு நாற்காலி தூக்கலாம். கழிப்பறை கழுவும் முறைப்பட்டியலில் போதகரும் மூப்பர்களும் பெயர் கொடுக்கலாம். எத்தனை பேர் தயார்?